இருபத்தொரு நாள் கட்டு

"எழுந்திருங்க சார்… முதல்ல எழுந்திருங்க!"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று எழுந்து நின்றான். எதற்கு என்றுதான் புரியவில்லை. தெருவில் போய்க்கொண்டிருந்தவனை மழை துரத்தியது. கண்ணில் பட்ட முதல் கூரைக்குக் கீழே ஓடி வந்தான். ஒரு பெஞ்சு, அதன் மேல் மடித்து வைத்த ஈரத்துணி… அப்பாடா என்று உட்கார்ந்தான். இதில் என்ன குற்றம், நீங்களே சொல்லுங்கள்!

குற்றம் துணிக்குள் இருந்தது. அந்தப் பெண் துணியைப் பிரித்தாள். உள்ளே பென்சில் பருமனில் ஒரு கட்டுப் பச்சைக் குச்சிகள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் சிவந்தது.

"காலைல அஞ்சரை மணிக்கு ஏணி போட்டு ஏறி வெட்டினது. ஒவ்வொரு குச்சியிலயும் ஆறு மொட்டு. பாதி நசுங்கிப் போச்சு. இவ்வளவு பெரிய நர்சரில உக்கார உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"மன்னிச்சிருங்க மேடம்… துணின்னு நினைச்சேன்."

"ஈரத்துணி மேல யாராவது உக்காருவாங்களா?"

"நானே தொப்பலா நனைஞ்சிருக்கேன். எனக்கு ஈரமென்ன, காய்ஞ்சதென்ன…"

திட்டுவதற்கென்று நிமிர்ந்தவள் ஒரு நொடி தாமதித்தாள். அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நனைந்த சட்டை நுனியிலேயே துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள்… வெளிர் தேநீர் நிறத்தில், எதிரில் நிற்பது யார் என்று தெளிவாகத் தெரியாமலே, துளிக்கூடப் பயமில்லாமல் அவளைத் தேடின. வெளியே மழை சோவென்று பெய்தது. பிளாஸ்டிக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது. அவளுக்குள்ளும் ஏதோ…

சே! எதுக்கு இதையெல்லாம் பாக்கறேன்? கோபமா இருக்கேன் நான்!

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது அவளுடைய அப்பாவின் நர்சரி. ஆரஞ்சு, எலுமிச்சை, சாத்துக்குடி மூன்றுக்கும் அங்கே ஒட்டுக் கட்டுவது அவள் கை மட்டும்தான். ஒரு நாளைக்கு இருநூறு கட்டுவாள். நூற்றில் தொண்ணூற்றைந்து பிழைக்கும். இதை அவள் பெருமையடித்துக்கொள்வதில்லை. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் தகவலாகச் சொல்லுவாள், அவ்வளவுதான்.

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னச் செடிகள். ஒவ்வொன்றின் தண்டிலும் நாடாக் கட்டு.

"இதென்ன, எல்லாத்துக்கும் அடிபட்டிருக்கா?"

"ஒட்டு. ஆரஞ்சு ஒட்டு. மூணாவது வருஷம் பழம்."

"ஓ… நம்ம கடைக்குப் பின்னாலயும் ஒரு ஆரஞ்சு மரம் இருக்கு. விதை போட்டு வளர்த்தது. ஒன்பது வருஷம்!" அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

"எத்தனை பழம் பறிச்சீங்க?"

"இன்னும்… பறிக்கல."

"பூ?"

"அதுவும்… பாக்கல."

"முள்ளு?"

"அது நிறைய இருக்கு!"

அவள் சிரித்துவிட்டாள். கோபமாக இருக்கிறவள் சிரிக்கலாமா? உடனே முகத்தை இழுத்துச் சரிசெய்தாள். "அதுக்குத்தான் சார் ஒட்டு. விதை போட்டா நீங்க தாத்தா ஆனப்புறம் காய்க்கும்."

"சரி, ஒரு சந்தேகம். இந்தச் செடிக்கெல்லாம் அடியில வேரு இருக்கே… அது எங்கேருந்து வந்துச்சு?"

"அது வேர்ச்செடி. விதை போட்டு…" அவள் நிறுத்திக்கொண்டாள்.

"அப்படி வாங்க! உங்க ஒட்டெல்லாம் எங்க விதைச் செடி தோள்ல ஏறி உக்காந்துதான் இவ்வளவு பேசுதா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது யார்? அவளேதான். நசுங்கிய குச்சிகளை மறுபடி ஈரத்துணியில் சுற்றத் தொடங்கினாள். மழை விட்டதும் அவன் இரண்டு தெரு தள்ளியிருக்கும் தன் மூக்குக்கண்ணாடிக் கடையின் அடையாளம் சொல்லிவிட்டு, "கண்ணுல ஏதாவது கோளாறுன்னா வாங்க" என்று கிளம்பினான். எனக்கா கோளாறு? நாலடி தள்ளி நின்னே மொட்டுக்கு உயிர் இருக்கா இல்லையான்னு சொல்றவ நான்… என்று அன்று மாலை வரை அவள் தனக்குள் பொருமிக்கொண்டிருந்தாள். பொருமல்தானா அது என்பது அவளுக்கே வெளிச்சம்.

அடுத்த வாரமே அவன் வந்து நின்றான். இந்தத் தடவை உட்காரவில்லை.

"என் மரத்தைப் பெயர்த்து வேற இடத்துல நட முடியுமா?" கேலி இல்லை, கிண்டல் இல்லை. "கடை இருக்கிற கட்டடத்தோட ஓனர் பின்பக்கம் சாக்கடைக் குழாய் பதிக்கறாராம். மரம் குறுக்க நிக்குது. வெள்ளிக்கிழமை வெட்டறாங்க. கெஞ்சிப் பாத்துட்டேன்… முடியாதுங்கறார்."

அவள் போய்ப் பார்த்தாள். இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு முழ இடத்தில், வெயிலைத் தேடித் தேடி மாடி உயரத்துக்குப் போயிருந்தது மரம். வேர் சுவருக்கு அடியில் ஓடியிருந்தது.

"பெயர்த்தா செத்துடும். ஒரே வழிதான். இதுலேருந்து மொட்டு எடுத்து வேற வேர்ச்செடில கட்டலாம்."

"ஒட்டா?"

"ஒட்டுதான்."

"அப்படிக் கட்டினா… அது இந்த மரமாவா இருக்கும்?"

"நீங்க இப்ப இருக்கிற வீட்டைக் காலி பண்ணிட்டு வேற வீட்டுக்குக் குடிபோனா வேற ஆளா ஆயிடுவீங்களா? வேர்தான் வேற. மேல வர்றது இதே மரம்தான். இலை, முள்ளு, பழம் எல்லாம்."

அவன் மரத்தடியில் கையை வைத்தபடி நின்றான். பிறகு சொன்னான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்க மாட்டாள். பார்க்க வந்த யாரோ ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்தார்கள். அதில் ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தான். முழுப் பழத்தையும் சாப்பிட்டாள். விரலைச் சப்பிக்கொண்டு, "இன்னொண்ணு குடுடா" என்றாள். பையிலிருந்த மற்றதெல்லாம் சக்கை என்று துப்பிவிட்டாள். ஊரில் உள்ள பழக்கடை எல்லாம் ஏறி இறங்கினான். எதைக் கொடுத்தாலும் அந்த ருசி இல்லை என்றாள். அம்மா போன பிறகு, அந்தப் பழத்தை உரித்த தட்டில் ஒட்டிக் கிடந்த ஒரே ஒரு விதையை டப்பாவில் போட்டான்.

"ஒரு விதைதான் போட்டேன். மூணு முளை வந்துச்சு. பலமா இருந்ததை விட்டேன். அந்தப் பழம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் ஒரு சுளைகூடச் சாப்பிடல. எல்லாத்தையும் அவங்களுக்கே குடுத்துட்டேன்… ஒரு தடவை அதைச் சாப்பிட்டுப் பாக்கணும். அவ்வளவுதான்."

ஆறுதலுக்கு ஒரு சத்தியம் பண்ணிவிடத் தோன்றியது அவளுக்கு. ஆனாலும் தொழில்காரி அல்லவா? தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னாள். "ஒரு விதைல மூணு முளை வந்தா, அதுல ஒண்ணுதான் ரெண்டு மரம் கலந்து வர்றது. மத்ததெல்லாம் தாய்மரமே. அப்படியே அச்சு. உங்க மரம் அந்தப் பழத்தைக் காய்க்கத்தான் நிறைய வாய்ப்பு. சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வாய்ப்பு இருக்கு."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"விதை மரத்துல காய்க்கற முதிர்ச்சி முதல்ல உச்சிக் கிளைக்குத்தான் வரும். உச்சிக் குச்சியாப் பாத்துக் கட்டினா மூணு வருஷம். நான் கட்டினா."

'நான்' என்பதை அவள் சற்று அழுத்தித்தான் சொன்னாள்.

இனி அப்பா. நர்சரிக்காரருக்கு ஒரு சட்டம் உண்டு: வெளி மரத்துக் குச்சி வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. முன்பு ஒரு தடவை யாரோ ஆசையாய்க் கொடுத்த ஒரு குச்சியோடு நோயும் வந்தது. குச்சி வெட்டுவதற்கென்றே வளர்த்த பதினோரு தாய்மரங்கள் மஞ்சளடித்துச் செத்தன. அத்தனையையும் தன் கையாலேயே கொளுத்தியவர் அவர்.

"வெளியிலயே போய்க் கட்டிட்டு வரேன்பா. வேர்ச்செடி ஆறு மட்டும் எடுத்துக்கறேன்."

"யாரு மரம்?"

"கண்ணாடிக் கடைக்காரர்."

"நம்ம குச்சி மேல உக்காந்தவனா?"

"அவர்தான்."

அப்பா மகளை ஏற இறங்கப் பார்த்தார். "எடுத்துட்டுப் போ. போன செடி திரும்ப உள்ள வராது. நீ வெட்டற கத்தியும் அங்கேயே கிடக்கட்டும். நீ அங்கேருந்து வந்தா தலைக்குக் குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் கொட்டகைல கால் வைக்கணும்."

"ஒரு நாள் வேலைதானே…"

"ஒரு நாளோ, நூறு நாளோ."

வியாழக்கிழமை காலை அவள் ஏணி போட்டு உச்சிக் குச்சிகளை வெட்டினாள். கை முழுக்க முள் கீறல். கடையின் பின்னறையில், கண்ணாடி அறுக்கும் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு மேசையில் ஆறு செடிகளையும் வைத்தாள். அவன் விளக்கைப் பிடித்துக்கொண்டான். வேர்ச்செடியின் பட்டையில் குறுக்கே ஒரு கீறல், நெடுக ஒரு கீறல். குச்சியிலிருந்து மொட்டை நகத்தளவு பட்டையோடு சீவி, கீறலுக்குள் நழுவவிட்டு, நாடாவால் சுற்றினாள். எண்ணிப் பத்து நொடி.

"இந்த மொட்டைக் கண்ணுன்னும் சொல்வோம்."

"அப்போ ரெண்டு பேரும் ஒரே தொழில்தான்னு சொல்லுங்க."

"மூச்சு விடாதீங்க… என் கை ஆடுது."

"நான் மூச்சு விட்டா உங்க கை ஏன் ஆடணும்?"

அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. காது மட்டும் சூடாகிப்போனது. அட ராமா… என்ன கேள்வி இது! ஒரு நாளைக்கு இருநூறு கட்டும் கை, ஐந்தாவது செடியில் நாடாவைத் தவறவிட்டது.

"இலையை நறுக்கிட்டீங்க. காம்பை மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கீங்க?"

"கைல பிடிச்சுக்க" என்றாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் சொல்லவில்லை. "இருபத்தொரு நாள் கட்டைப் பிரிக்கக் கூடாது. நானே வந்து பாத்துக்கறேன்."

"தினமுமா?"

"தினமும்தான். ஈரம் பாக்கணும்… வெயில் பாக்கணும்… எவ்வளவோ இருக்கு."

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவள் போனபோது பின்பக்கம் ரம்பச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. அவன் கடையில் நின்றுகொண்டு, துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தான். அவள் நேராகக் கண் பரிசோதிக்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"என் கண்ணைப் பாருங்க."

அவன் கை பழக்கத்தில் வேலையைத் தொடங்கியது. ஒரு கண்ணை மூடி, எழுத்துப் பலகையைக் காட்டி, கடைசி வரி வரைக்கும் படிக்கச் சொன்னான். பிறகு சின்ன விளக்கோடு குனிந்து அவள் கண்ணுக்குள் பார்த்தான். அவ்வளவு அருகில்… அவ்வளவு நேரம்… வெளியே ரம்பம் இரைந்துகொண்டே இருந்தது. அவன் கை வேலையை விடவில்லை. ஆனால் அவன் கண்கள் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். பார்க்காதது போல இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் நின்றது.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல" என்றான் மெதுவாக.

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"சத்தம் நிக்கற வரைக்கும் உங்க கைக்கு ஒரு வேலை வேணும்ல… அதுக்கு."

அவன் விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் அவளையே பார்த்தான். ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்து இரண்டு பேரையும் காப்பாற்றினார்.

அதன் பிறகு அவள் தினமும் போனாள். காலையில் ஈரம் பார்க்கப் போனாள். சில நாள் மாலையில் வெயில் பார்க்கப் போனாள், மாலையில் ஏது வெயில் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து தலைக்குக் குளித்தாள். எட்டு நாளில் அப்பாவே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, கட்டின ஒட்டுக்கு வாரம் ஒரு தடவை தண்ணி காட்டினாப் போதும். நீ இந்த எட்டு நாள்ல பதிமூணு தடவை தலைக்குக் குளிச்சிருக்க."

"வெக்கைப்பா… ரொம்ப வெக்கை."

"வெளியில மழை பெய்யுது."

அவள் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நழுவினாள்.

ஒன்பதாம் நாள். பின்னறைக் கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றாள். மேசையில் ஆறு செடிகள். ஐந்தின் நாடா அவிழ்ந்து கிடந்தது. அவன் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஐந்தாவது செடியின் பட்டையை ஊசி முனையால் மெல்லத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க!"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "ஒண்ணுல காம்பு கறுத்த மாதிரி இருந்துச்சு… உள்ள அழுகிடுச்சோன்னு பயந்துட்டேன். அதைப் பிரிச்சுப் பாத்தேன். அப்புறம் பக்கத்துதும் அப்படித்தானோன்னு…"

அவள் ஐந்தையும் எடுத்துப் பார்த்தாள். அப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருந்த பட்டை பிய்ந்து, மொட்டுகள் காற்றுப்பட்டு வதங்கியிருந்தன. மீண்டும் நாடாவைச் சுற்றினாள். பயனில்லை என்று தெரிந்தே சுற்றினாள்.

"மிச்சக் குச்சி இருக்கா?"

"மரத்தோட சேத்து வண்டில ஏத்திட்டாங்க…"

"ஒன்பது வருஷம்… ஒரு பூகூடப் பூக்காத மரத்தை நம்பினீங்க. ஒன்பது நாள் என் கையை நம்ப முடியல, இல்ல?"

"அப்படி இல்லைங்க… உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு ஒண்ணுமே தெரியலையே. நீங்களும் எதுவும் சொல்லல…"

"சொல்லணுமா? நான் கட்டினேன். அது போதாதா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். நடக்க நடக்க அழுகை முட்டியது. அவன் அம்மா சாப்பிட்ட பழம். உலகத்தில் எங்கேயும் கிடைக்காத பழம். ஆறில் ஐந்து போய்விட்டது. இன்னும் ஒன்றே ஒன்று…

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. அவனும் வரவில்லை. எந்த முகத்தோடு வருவான்? அவளும்தான், அவன் வரட்டும் என்று வைராக்கியமாக இருந்தாள். வேலை செய்தாள், சாப்பிட்டாள், யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தாள். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் குளித்தாள்.

இருபதாம் நாள் மதியம் அப்பா வெளியே போய்விட்டு வந்தார். குளித்துவிட்டு வந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி.

"எங்கேப்பா போனீங்க?"

"கண்ணைக் காட்டிட்டு வந்தேன். நல்லா பாக்கறான். நல்ல கை." அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "எல்லாத்தையும் அவனே சொன்னான். அஞ்சையும் நான்தான் கொன்னேன்னான். உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசல. ஆறாவதைப் பொத்திப் பொத்தி வச்சிருக்கான். பக்கத்துல போய் மூச்சு விடக்கூடப் பயப்படறான்."

அவள் தலை குனிந்தபடி கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். ஒட்டு பிடிச்சுதான்னு பாக்க கட்டைப் பிரிக்கவே வேண்டாம். காம்பை விரலால தொட்டாப் போதும். உயிர் இருந்தா காம்பு தன்னால உதிரும். செத்துப்போனா காஞ்சு ஒட்டிக்கிட்டு நிக்கும். இது நம்ம நர்சரில தண்ணி ஊத்தறவங்களுக்குக்கூடத் தெரியும். நீ ஏன் அவனுக்குச் சொல்லல?"

"அவர் கேக்கல."

"கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்ற ஆளாச்சே நீ!"

தீட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது. அப்பா எழுந்தார். "நானும் அவன்கிட்டச் சொல்லல. அது நீ சொல்ல வேண்டியது" என்றார். "அப்புறம்… அவன் கடைக்குப் போனா குளிச்சிட்டு வரணும்கறதுதான் சட்டம். போகக் கூடாதுன்னு சட்டம் எதுவும் போடல."

அன்று இரவு அவள் தூங்கினாளா என்று கேட்காதீர்கள்.

இருபத்தொன்றாம் நாள் காலை. கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பின்னறையில், ஜன்னல் பக்கம் அந்த ஒற்றைச் செடி. அதற்கு எதிரே ஒரு முக்காலியில் அவன். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். முகம் இளைத்திருந்தது.

"நீங்க வருவீங்கன்னு நினைக்கல… மன்னிச்சிருங்க. தப்பு முழுக்க என்னோடது."

"பேசாதீங்க. நான் பேசணும்." அவள் செடியைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "கட்டைப் பாக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். பாத்தப்புறம் சொன்னா, உயிர் இருந்தா சந்தோஷத்துல சொன்னேன்னு நினைப்பீங்க. செத்திருந்தா பரிதாபப்பட்டுச் சொன்னேன்னு நினைப்பீங்க. அதனால இப்பவே."

அவன் தலையை ஆட்டினான்.

"காம்பைத் தொட்டாலே தெரியும். பிடிச்சிருந்தா உதிரும், இல்லைன்னா ஒட்டிக்கிட்டு நிக்கும். பிரிக்கவே தேவை இல்ல. முதல் நாளே எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா நீங்களே பாத்துக்கிட்டிருப்பீங்க. நான் தினமும் வர வேண்டியிருக்காது." குரல் உடைந்தது. ஆனாலும் விடவில்லை. "அதனாலதான் சொல்லல. எனக்கு வரணும். ஈரமும் இல்ல, வெயிலும் இல்ல… உங்களைப் பாக்க வரணும். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்த அஞ்சு செடியையும் கொன்னது நீங்க இல்ல. நான்தான்."

சொல்லி முடித்துவிட்டாள். இனி அவன் திட்டட்டும், கதவைச் சாத்தட்டும், எதுவானாலும் சரி. அவள் தலை குனியவில்லை.

அவன் திட்டவில்லை, கதவையும் சாத்தவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் ஒண்ணு சொல்லவா?" என்றான். "காம்பு கறுத்துச்சுன்னு பயந்தேன்னு சொன்னேன்ல… அது உண்மைதான். ஆனா எதுக்குப் பயந்தேன்னு சொல்லல. ஒட்டு செத்துப்போச்சுன்னா பழம் போயிடுமேன்னு முதல் நாள் பயந்தேன். ஒன்பதாம் நாள் அப்படி இல்ல. ஒட்டு செத்துப்போச்சுன்னா நீங்க வர மாட்டீங்களேன்னு பயந்தேன்."

"அசடு…" என்றாள். கண்ணில் நீர் வழிய, சிரித்துக்கொண்டே சொன்னாள். "அதுக்காகப் பிரிச்சுப் பாப்பாங்களா?"

"நீங்க மட்டும்? அதுக்காக மறைப்பாங்களா?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். இவ்வளவு கெட்டிக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து இப்படிச் சொதப்பியதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

"தொடுங்க" என்றாள் அவள்.

"நானா?"

"உங்க மரம்."

அவன் விரலை நீட்டினான். அந்தச் சின்னக் காம்பு கட்டுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தது. விரல் பட்டதா, படவில்லையா என்றுகூடச் சொல்ல முடியாது… பொட்டென்று உதிர்ந்து மேசையில் விழுந்தது.

அவன் அவளைப் பார்த்தான். அவள் நாடாவை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். உள்ளே மொட்டு பச்சைப் பசேலென்று பருத்து, பட்டையோடு பட்டையாகப் பிடித்திருந்தது. அவன் சுவரில் சாய்ந்து நின்று முகத்தை இரண்டு கைகளாலும் துடைத்துக்கொண்டான். அவள் அருகே போய் நின்றாள். தொடவில்லை. தோளுக்குத் தோள் உரசும் தூரத்தில் நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்" என்றான்.

"ஒண்ணு போதும். இது வளர்ந்தா இதுலேருந்தே நூறு கட்டிடுவேன்."

"மூணு வருஷம் கழிச்சு, பழம் வந்து… அது அந்தப் பழம் இல்லைன்னா? வாயில வைக்க முடியாம புளிச்சா?"

அவள் பதில் தேடினாள். சத்தியம் பண்ண முடியாது என்று முதல் நாளே சொன்னவள் அவள். அவனே முந்திக்கொண்டான்.

"புளிச்சாப் புளிக்கட்டும். போன தடவை நான் ஒரு சுளைகூட எடுத்துக்கல. இந்தத் தடவை சரி பாதி. மீதி உனக்கு… பக்கத்துலயே இருப்பியா?"

முதல் முறையாக 'நீ' என்றிருக்கிறான். அவளுக்கு அது காதில் விழுந்து நெஞ்சுக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இருப்பேன்" என்றாள். "புளிப்பாப் போச்சுன்னு நீ முகத்தைச் சுளிக்கறதை நான் பாக்க வேண்டாமா?"